வில்லிக்கு ஏது ரிட்டயர்மென்ட்?

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கென்று வைத்திருந்த ஓட்டப் பந்தயங்களில் மிக நீளமானது 200 மீட்டர். அதற்கு மேல் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்பது கமிட்டிக்காரர்களின் தீர்மானம். அதற்கு 20 வருடம் முன்னால் ஆம்ஸ்டர்டாமில் ஒரே ஒரு தடவை 800 மீட்டர் ஓட விட்டிருந்தார்கள். ஓடி முடித்த பெண்களுக்கு மூச்சு வாங்கியது. 800 மீட்டர் ஓடினால் ஆம்பளைக்கும்தான் மூச்சு வாங்கும். ஆனால் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பதறிப்போய் அந்தப் பந்தயத்தையே தூக்கிவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று.

அதே லண்டனில் ஹாலந்திலிருந்து வந்த ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் நாலு தங்கம் வாங்கினார். வயது 30, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இந்த வயசில் இவருக்கு எதற்கு ஓட்டம் என்று முன்கூட்டியே உதட்டைப் பிதுக்கியவர்கள் இருந்தார்கள். நாலு தங்கம் வாங்கிய பிறகும் பத்திரிகைகள் கொடுத்த பட்டம் ‘பறக்கும் இல்லத்தரசி’. அதாவது, பறந்தது சரி, சமையலை யார் பார்த்தது என்ற கவலை.

உலகம் இந்த லட்சணத்தில் இருந்த அதே 1948இல், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிஜமாகவே காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு, இன்னொரு பெண்ணை முழங்கையால் இடித்துக் கம்பிக்கு வெளியே தள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் ஆன் கால்வெல்லோ. 1929 ஆகஸ்ட் 1ஆம் தேதி ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். சேர்ந்த வேலையை அவர் விடவே இல்லை. 1940களில் ஆரம்பித்து 2000ஆம் ஆண்டு வரைக்கும், ஏழு பத்தாண்டுகளிலும் ஒரு தடவையாவது சக்கரம் கட்டிக் களத்தில் இறங்கியிருக்கிறார். இதற்கு நடுவில் அந்த ஆட்டமே நாலைந்து தடவை செத்துப் பிழைத்தது. அம்மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டத்தின் பெயர் ரோலர் டெர்பி. இதற்கு ஒரு தல புராணம் உண்டு.

லியோ செல்ட்சர் என்றொருவர், போர்ட்லண்ட் நகரில் சினிமாக் கொட்டகை நடத்தியவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஜனங்கள் சினிமாவுக்குக் காசு செலவழிக்க யோசித்தார்கள். ஆனால் இன்னொன்றுக்குத் தாராளமாகச் செலவழித்தார்கள். ஜோடி ஜோடியாக ஆட்களைச் சேர்த்து, நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடக்க விடுவார்கள். கடைசிவரை சாயாமல் நிற்கிற ஜோடிக்குப் பரிசு. வேலையில்லாதவன் மயங்கி விழுவதை, வேலையில்லாத இன்னொருவன் டிக்கெட் வாங்கிப் பார்த்த காலம் அது. செல்ட்சர் இதில் இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். பிறகு, அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒருமுறையாவது ஸ்கேட்டிங் செய்தவர்கள் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தார். மயங்கி விழுகிறவன் சக்கரத்தோடு விழுந்தால் இன்னும் பிரமாதமாக இருக்குமே என்று தோன்றியிருக்க வேண்டும். சிகாகோவில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேஜை விரிப்பிலேயே திட்டத்தை எழுதிவிட்டார் என்பார்கள். துவைத்தவரைப் பற்றி புராணத்தில் குறிப்பில்லை.

1935 ஆகஸ்ட் 13. சிகாகோ கொலிசியம். 25 ஜோடிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், ஒரு பெண். உள்ளரங்கில் போட்ட தடத்தில் 57,000 சுற்று சுற்ற வேண்டும். கூட்டினால் சுமார் 3,000 மைல், அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு உள்ள தூரம். யார் எந்த ஊர்வரை ‘போயிருக்கிறார்கள்’ என்று காட்ட விளக்கு போட்ட ஒரு பெரிய வரைபடம். ஜோடியில் ஒருவர் மாற்றி ஒருவர், ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணி நேரம். முதல் நாளே 20,000 பேர் பார்க்க வந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக உருண்டு, கடைசியில் ஒன்பது ஜோடிகள்தான் மிஞ்சின. கிளாரிஸ் மார்ட்டினும் பெர்னி மெக்கேயும் ஜெயித்தார்கள். கண்டத்தையே கடந்து, புறப்பட்ட அதே இடத்தில் வந்து இறங்கினார்கள்.

800 மீட்டர் தாங்காது என்று ஒலிம்பிக் பெரியவர்கள் முத்திரை குத்தியிருந்த அதே பெண் உடம்புதான் இந்தத் தூரத்தில் பாதியை உருண்டே கடந்தது. பெரியவர்கள் யாரும் சிகாகோ பக்கம் வரவில்லை.

ஆனால் எத்தனை நாள்தான் வட்டமடிப்பதைப் பார்ப்பது? அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் மயாமியில் ஆட்டம் பார்க்க வந்தார் டேமன் ரன்யன். விளையாட்டு நிருபர், கதாசிரியர், சூதாடிகளையும் ரவுடிகளையும் உறவுக்காரர்கள் மாதிரி தெரிந்து வைத்திருந்தவர். களைத்துப்போனவர்கள் ஒருவரையொருவர் முந்தும்போது தெரியாமல் இடித்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் தூங்கி வழிந்த கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ரன்யனின் யோசனை எளிமையானது: தெரியாமல் இடிப்பதைத் தெரிந்தே இடிக்கட்டும். செல்ட்சர் முதலில் முகம் சுளித்தார் என்பார்கள். பிறகு கல்லாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

அன்று எழுதிய விதிகளின் சாரம்தான் இன்றும் இருக்கிறது. இரண்டு அணிகள், தடத்தில் அணிக்கு ஐந்து பேர். எல்லோரும் ஒரே திசையில் கும்பலாகப் போவார்கள். புள்ளி எடுக்கிறவருக்கு ஜாமர் என்று பெயர். அவர் கும்பலிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியேறி, ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, எதிரணி ஆட்களை ஒவ்வொருவராகத் தாண்ட வேண்டும். தாண்டுகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு புள்ளி. தாண்டவிடாமல் இடுப்பாலும் தோளாலும் இடித்துத் தள்ளுவது பிளாக்கர்களின் வேலை. அந்தக் காலத் தடம் சமதரையில்லை. ஓரங்கள் தூக்கிச் சரிவாக இருக்கும், சுற்றிலும் கம்பி. முன்னால் போகும் ஜாமர் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. தண்ணிக் குழாயடியில் குடத்தை இறக்கிவிட்டு நிற்கிற நிலை. எல்லா ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்காமலே வரும்.

இதில் செல்ட்சர், தெரிந்தோ தெரியாமலோ, பெரிய புரட்சி ஒன்றைச் செய்துவைத்தார். ஆட்டம் எட்டுப் பகுதி, ஒவ்வொன்றும் 12 நிமிடம். ஒரு பகுதி பெண்கள் ஆடுவார்கள், அடுத்தது ஆண்கள். விதி ஒன்றே, தடம் ஒன்றே, இரண்டு பேர் எடுத்த புள்ளியும் ஒரே கணக்கில் சேரும். பெண்கள் கோட்டை விட்டால் ஆண்களும் தோற்றார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை பேஸ்பால் லீக் ஒன்று இருந்தது. அங்கே குட்டைப் பாவாடை கட்டி ஆட வேண்டும், லிப்ஸ்டிக் அழியக்கூடாது, நளினமாக நடக்க வகுப்பு வேறு. டெர்பியில் அந்த வகுப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் டீச்சரைக் கம்பிக்கு வெளியேதான் பொறுக்கியிருக்க வேண்டும்.

1948 நவம்பர் 29ஆம் தேதி சிபிஎஸ் நிறுவனம் நியூயார்க் ராணுவக் கூடம் ஒன்றிலிருந்து டெர்பியை டெலிவிஷனில் காட்டியது. டி.வி. பெட்டி அப்போது வீட்டில் அபூர்வம், மதுக்கடைகளில்தான் அதிகம். இரண்டு பெண்கள் சக்கரத்தில் நின்றபடி ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுப்பதைக் குடித்துக்கொண்டே பார்த்தவர்கள், கோப்பையை வைத்துவிட்டு நேரிலேயே பார்க்கக் கிளம்பினார்கள். ஐந்தடி உயரம்கூட வராத ‘டஃபி’ பிராசன் என்ற பெண்மணி ஒரே இரவில் நட்சத்திரமானார். 1949இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஐந்து நாளில் 55,000 பேர் டிக்கெட் வாங்கினார்கள். பேராசை யாரை விட்டது? வாரத்தில் பல இரவுகள் டெர்பி, டெர்பி, டெர்பி. நல்ல மீன் குழம்பானாலும் மூன்று வேளையும் போட்டால் தட்டை நகர்த்தத்தானே தோன்றும்? இரண்டே வருடத்தில் சலித்துவிட்டது, டி.வி. கழற்றிவிட்டது. ஆட்டத்தின் முதல் சாவு.

கால்வெல்லோ அப்போது இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்தார். வேறு யாராக இருந்தாலும் கல்யாணம், குடித்தனம் என்று ஒதுங்கியிருப்பார்கள். இவர் கல்யாணமும் செய்துகொண்டார். ஒதுங்கத்தான் இல்லை.

அம்மணியின் தோற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. வெயிலில் காய்ந்து காய்ந்து தோல் செருப்பு நிறத்துக்கு வந்திருக்கும். தலைமுடி ஒரு சீசனில் பச்சை, ஒரு சீசனில் ஊதா, இன்னொன்றில் இளஞ்சிவப்பு. லண்டன் பங்க் பையன்கள் இதைச் செய்து புரட்சி என்று பீற்றிக்கொள்வதற்கு இருபது வருடம் முன்னாலேயே. உடம்பில் பச்சை குத்தல்கள், மாலுமிகளும் ஜெயிலுக்குப் போனவர்களும்தான் குத்திக்கொள்வார்கள் என்று நம்பப்பட்ட காலத்தில். கழுத்து, விரல், காது எங்கும் சிங்கம் போட்ட நகை. மேல்நாட்டுக் கணக்குப்படி அவருக்குச் சிம்ம ராசி. நம் பஞ்சாங்கத்தில் ஆகஸ்ட் 1 என்றால் ஆடி மாதம், சூரியன் கடகத்தில்தான் இருக்கிறான். இதை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. சொன்னவர் நண்டாக நடந்து வெளியேறியிருப்பார்.

அடுத்தது மூக்கு. அது எத்தனை முறை உடைந்தது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு உண்டு. ஒரு டஜன் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. உடைந்து உடைந்து அது வளைந்த வளைவில் ரசிகர்கள் ‘வாழைப்பழ மூக்கு’ என்று பெயர் வைத்துக் கூவினார்கள். சாதாரணப் பெண் அழுதிருப்பாள். சினிமா நடிகை ஆபரேஷனுக்குப் போயிருப்பாள். அம்மணி அதையே விசிட்டிங் கார்டாக்கிக்கொண்டார். ‘சக்கரம் கட்டிய படுபாவி மம்மி’ என்ற ரீதியில் இன்னொரு பட்டமும் வந்து சேர்ந்தது. இரண்டையும் அவர் மெடல் மாதிரிதான் ஏற்றுக்கொண்டார்.

1950களின் கடைசியில் அப்பா செல்ட்சர் களைத்துப்போய், மகன் ஜெர்ரி செல்ட்சர் கையில் கடை வந்தது. ஜெர்ரி ஆட்டத்தை சான் பிரான்சிஸ்கோ பக்கம் நிறுத்தி, ஓக்லண்ட் டி.வி. நிலையம் ஒன்றில் ஒளிப்பதிவு செய்து, அந்த டேப்பை ஊர் ஊராக அனுப்பினார். சுமார் 120 நிலையங்கள் போட்டன. டேப் போன ஊர்களுக்குப் பின்னாலேயே ஆட்டக்காரர்களும் போனார்கள், பெரும்பாலும் சொந்தக் காரில். தடத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் பூட்டி, ஆடி, பிரித்து, மறுபடி ஏற்றி. நம் பக்கத்துக் கூத்துக் கோஷ்டிகளும் சர்க்கஸ்காரர்களும் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு முதுகு வலிக்கும்.

ஜெர்ரியின் இன்னொரு சாமர்த்தியம், எல்லா அணிகளும் அவருடையவை. ‘பே பாம்பர்ஸ்’ அணி உள்ளூர்ச் செல்லப்பிள்ளை. வந்து அடி வாங்கிப் போகும் வெளியூர் அணிகளுக்கும் அவரே முதலாளி. பாம்பர்ஸ் ஜெயித்தால் ஜெர்ரிக்கு லாபம். தோற்றால், பழி வாங்குவதைப் பார்க்க அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பாக வரும். ஜெர்ரிக்கு இரட்டை லாபம். பெரிய பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் டெர்பியைத் தீண்டாமல் ஒதுக்கியதற்கு இதுதான் காரணம் என்றார்கள். குத்துச்சண்டைச் செய்திக்கு அதே பக்கங்கள் முழுசாக இடம் ஒதுக்கின. அங்கே எல்லாம் கங்கா ஜலத்தில் கழுவிய நேர்மை போலிருக்கிறது.

டெர்பியில் நாடகம் உண்டா என்றால், உண்டு. சண்டை, சவால், நடுவரோடு வாக்குவாதம், கடைசி நிமிடத்துத் திருப்பம் இவற்றில் கணிசமான பங்கு கூட்டத்துக்காகச் செய்தது. எலும்பு முறிந்ததில் மட்டும் நாடகம் இல்லை. சரிவான பலகைத் தடத்தில் வேகமாக வரும் இருவர் மோதிக் கம்பியில் விழுந்தால், ஒத்திகை பார்த்து விழுந்தாலும் விலா விலாதான்.

நாடகம் என்றால் கதாநாயகி வேண்டும். ஜோன் வெஸ்டன் வந்தார். ஐந்தடி பத்தங்குல உயரம், பொன்னிற முடி, கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தவர், சாஃப்ட்பால் வீராங்கனை. ‘தங்கப் பெண்’ என்றே பெயர். தாய்மார்கள் மகளைக் காட்டி, வளர்ந்தால் அந்த அக்கா மாதிரி வரணும் என்று சொல்லத்தக்க முகம். கதாநாயகிக்கு ஒரு வில்லி வேண்டும் அல்லவா? பச்சைத் தலையும் வாழைப்பழ மூக்குமாக ஒருவர் தயாராகவே நின்றுகொண்டிருந்தார்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எம்.ஜி.ஆருக்கு நம்பியார். அவர் கையைப் பிசைந்து கண்ணை உருட்டியதால்தான் இவர் சவுக்கைச் சுழற்றியதற்கு விசில் பறந்தது. திரையில் அத்தனை அட்டூழியம் செய்த நம்பியார் நிஜத்தில் சைவம், சபரிமலைக்கு வருடா வருடம் மாலை போட்ட குருசாமி. முதல் படம் ‘பக்த ராம்தாஸ்’ வந்தது டெர்பி பிறந்த அதே 1935இல். கதாநாயகர்கள் ஆண்டு, மறைந்து, சிலையாகி நின்ற பிறகும் அவர் நடித்துக்கொண்டே இருந்தார். வில்லன் வேலைக்கு இந்த ஒரு வசதி உண்டு. கதாநாயகிக்கு முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் கூட்டம் உச்சுக் கொட்டும். வில்லிக்குச் சுருக்கம் விழுந்தால் வேஷப் பொருத்தம் கூடுகிறது.

கால்வெல்லோ இந்த ரகசியத்தை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார் என்பது என் கட்சி. கெஸார் பெவிலியன் என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூடம், பாம்பர்ஸின் கோட்டை. எதிரணிச் சட்டையோடு அம்மணி தடத்தில் ஏறியதுமே கூரை அதிரும். வீட்டில் பூனை மிதிபட்டால்கூட அழுகிற பாட்டிகள் முன்வரிசையில் எழுந்து நின்று முஷ்டியை ஆட்டுவார்கள். கையில் கிடைத்தது பறந்து வரும். அவர் ஓரக் கம்பியில் சாய்ந்து நின்று அந்தப் பாட்டிகளுக்கு முகத்தைக் கோணிக் காட்டிவிட்டு, அடுத்த சுற்றில் வெஸ்டனை இடிக்கப் போவார். ஆட்டம் முடிந்ததும் அதே ஆட்கள் கையெழுத்துக்கு வரிசையில் நிற்பார்கள். திட்டுவதற்கென்றே காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு முழு மனதோடு திட்டக் கிடைத்தது. கொடுத்த காசுக்கு இதைவிட நியாயமான சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

1972இல் ஆட்டம் உச்சியில் இருந்தது. சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரே இரவில் 50,118 பேர். ஹாலிவுட்டும் மோப்பம் பிடித்து ‘கான்சாஸ் சிட்டி பாம்பர்’ என்று படம் எடுத்தது. உலகக் கவர்ச்சிக் கன்னி என்று போஸ்டரில் மின்னிய ராக்கெல் வெல்ச் கதாநாயகி. முப்பதை ஒட்டிய வயது. பயிற்சியில் மணிக்கட்டை முறித்துக்கொண்டார், படப்பிடிப்பு நின்றது. கால்வெல்லோவுக்கு அந்த வருடம் 43. அவர் முறித்துக்கொண்டதற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்துவதென்றால் 1950லேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

உச்சிக்கு மறுபக்கம் சரிவு. 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு. கார் ஓட்டிப் போய் ஆடுகிறவர்களுக்கும், கார் ஓட்டிப் போய்ப் பார்க்கிறவர்களுக்கும் ஒரே நேரத்தில் டேங்க் காலி. அந்த டிசம்பரில் ஜெர்ரி கடையை இழுத்துச் சாத்தினார். இரண்டாவது சாவு. லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ரோலர் கேம்ஸ்’ என்று போட்டிக் கம்பெனி ஒன்று மிச்சம் இருந்தது. அதுவும் 1975 வாக்கில் படுத்துக்கொண்டது. மூன்றாவது. 1977இல் பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து பாம்பர்ஸை எழுப்பி, பத்து வருடம் தள்ளினார்கள். 1987இல் அதற்கும் மூச்சு நின்றது. நாலாவது.

ஐந்தாவதுதான் உச்சம். 1989இல் டி.வி.க்காரர்கள் ‘ரோலர்கேம்ஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். தடம் எட்டு வடிவத்தில் வளைந்திருக்கும், சுவர் ஏறும், ராக் இசை அலறும். ஆட்டம் சமனில் முடிந்தால் இருவர் மோதித் தீர்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஒரு குழி, குழியில் நிஜ முதலைகள். 13 வாரம் ஓடியது. முதலைகளுக்கு வேறு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு 1999 வாக்கில் ‘ரோலர்ஜாம்’ வந்தது. நாலு சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரே வரிசைச் சக்கரம், குட்டை உடைக்குள் கட்டழகிகள், வாரா வாரம் தொடர்கதை. அதுவும் சீக்கிரமே முகவரியில்லாமல் போயிற்று. இளமை, இசை, கவர்ச்சி, முதலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் நிற்கவில்லை.

இந்த இருபத்தைந்து வருடமும் அம்மணி என்ன செய்தார்? எங்கே ஆடச் சொன்னார்களோ அங்கே ஆடினார். கம்பெனி பெயர் மாறும், முதலாளி மாறுவார், சட்டை நிறம் மாறும். சக்கரமும் மூக்கும் சிங்க மோதிரமும் மாறாது. ஆட்டம் இல்லாத மாதங்களில் வீட்டு வாடகைக்கு வேலை பார்க்க வேண்டும். பென்ஷன் என்ற சொல்லை டெர்பி முதலாளிகள் எந்தக் காலத்திலும் உச்சரித்ததில்லை. வயதான காலத்தில் அவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், வாங்கிய சாமானைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை செய்தார்.

கல்லாவில் நிற்கும் உங்களுக்கு எதிரே பல நிறத் தலை, பச்சை குத்திய கைகள், விரலெல்லாம் சிங்கம். அந்தக் கைகள் ஒரு காலத்தில் மேடிசன் ஸ்கொயரில் மனிதர்களைக் கம்பிக்கு மேலாக வீசியவை. இப்போது முட்டை அட்டையை மேலேயும் உருளைக்கிழங்கைக் கீழேயும் வைக்கின்றன. முட்டை உடைந்திருக்கிறது என்று புகார் சொல்ல உங்களுக்குத் துணிச்சல் வருமா?

1997இல் ஜோன் வெஸ்டன், கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற அபூர்வமான மூளை நோயில் 62 வயதில் காலமானார். இடிக்க வேண்டிய ஆளே போய்விட்டார். ஆட்டத்தை விட்டு ஒதுங்க இதைவிடக் கௌரவமான சாக்கு கிடைக்காது. வில்லி ஒதுங்கவில்லை. பாம்பர்ஸை இன்னொரு முறை எழுப்பியபோது எழுபது வயதில் மறுபடி சக்கரம் கட்டினார். பேத்தி வயதுப் பெண்கள் தாண்டிப் போனார்கள். கூட்டம் பழைய பாசத்தோடு ஊளையிட்டது. அவரும் பழைய பாசத்தோடு முகத்தைக் கோணினார். 2001இல் அவர் வாழ்க்கையை வைத்து ஒரு ஆவணப்படமே வந்தது, ‘டீமன் ஆஃப் த டெர்பி’ என்று. பேய்ப் பட்டம் கொடுத்தும் அம்மணி கோபித்துக்கொண்டதாகச் செய்தி இல்லை.

அதே 2001இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. யாரோ ஒருவர் டெர்பி நடத்தப் போகிறேன் என்று மதுக்கடைகளில் பெண்களைத் திரட்டினார். கொஞ்ச நாளில் ஆள் நழுவிவிட்டார். திரண்ட பெண்கள் நழுவவில்லை. முதலாளி இல்லாமலே நடத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். சரிவுத் தடம் கட்டப் பணம் ஏது? சிமெண்ட் தரையில் கயிற்றைப் போட்டு, மேலே டேப் ஒட்டி, இதுதான் தடம் என்றார்கள். இந்த ஏழைப்பட்ட யோசனைதான் செல்ட்சர் குடும்பத்தின் லட்சங்கள் செய்யாததைச் செய்தது. எந்த ஊரிலும் ஒரு ஷெட்டும் நாலு முழம் கயிறும் இருந்தால் டெர்பி உண்டு. சில வருடங்களில் ஊர் ஊராகப் பரவி, பெண்களுக்கென்று ஒரு சங்கமாகி, பிற்பாடு உலகம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட லீக்குகள் அதில் சேர்ந்தன. ஆட்டக்காரிகளே முதலாளிகள். நர்ஸ், டீச்சர், வக்கீல் என்று பகலில் வேலை. ராத்திரி பச்சை முடி, பச்சை குத்தல், ரவுடித்தனமான புனைபெயர். பகலில் மருந்து கட்டுகிறவரே ராத்திரி காயத்துக்கும் ஏற்பாடு செய்கிறார்.

எல்லாரும் வெஸ்டன் மாதிரி வருவார்கள் என்று பழைய முதலாளிகள் எதிர்பார்த்திருக்கலாம். வந்தவர்கள் கால்வெல்லோ மாதிரி வந்தார்கள். நல்ல பிள்ளையாக இருக்க எந்தப் பெண்ணுக்கும் டெர்பி தேவையில்லை. அதற்கு வீடும் ஆபீஸும் இருபத்து நாலு மணி நேரமும் பயிற்சி கொடுக்கின்றன. டிக்கெட் போட்டு, விளக்குப் போட்டு, ஊரறியக் கெட்ட பெயர் வாங்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பாதி நூற்றாண்டாக ஒரே ஒருவர் வாடகை பாக்கி இல்லாமல் குடியிருந்தார்.

2006 மார்ச் 14ஆம் தேதி, கல்லீரல் புற்றுநோயில், 76 வயதில் ஆன் கால்வெல்லோ காலமானார். ஆட்டம் அப்போது ஆறாவது தடவையாகப் பிழைத்து, நன்றாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய அத்தையோ பாட்டியோ ஸ்டூலைப் போட்டுப் பரண் மேல் ஏறிக்கொண்டிருந்தால், ‘வயசான காலத்தில் ஒரு இடத்தில் உட்காரக் கூடாதா’ என்று கேட்காதீர்கள். கேட்டே தீர வேண்டும் என்றால் முழங்கை எட்டாத தூரத்தில் நின்று கேளுங்கள்.